கேட்டலும் காண்டலும்: நேரடி இசை பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஒருவர் தமக்கு விருப்பமான இசைக்குழுவொன்றின் பாடல்கள் அனைத்தையும் பலநூறு முறை கேட்டிருக்கின்றார். எவ்விடத்திற் பாடகர் மூச்செடுக்கின்றார், எவ்விடத்தில் ட்ரம்பெற் நுழைகின்றது என்பனவெல்லாம் அவருக்கு மனப்பாடம். அப்பாடல்களை விரும்பிய வேளையில் விரும்பிய இடத்திற் கேட்கும் வசதியும் அவரிடமுண்டு. எனினும் அக்குழு தமது நகரத்துக்கு வருகின்றதென அறிந்ததும், பணத்தைச் செலவிட்டு, நெடுந்தூரம் பயணஞ் செய்து, கூட்டத்தில் நெருக்குண்டு நின்று, தாம் ஏலவே அறிந்த அதே பாடல்களைக் கேட்டுவருகின்றார். கச்சேரி கேட்கப் போவதாகவே தமிழர் கூறுவர். ஆங்கிலேயரோ இத்தகைய குழுவைப் 'பார்க்க'ப் போவதாகவே பெரும்பாலும் கூறுவர். செவிக்குரிய கலையொன்றில் கண்ணுக்கு இத்துணை முதன்மை வந்தது எவ்வாறு? கேட்டு முடித்ததைக் காணச் செல்பவர் உண்மையிற் பெறுவது யாது? அவ்வாறு பெறுவதற்கு அவருக்கு உரிமை உண்டா? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பிரச்சினை எல்லா இசைக்கும் ஒரே வகையில் எழுவதன்று. கர்நாடக இசையில் மேடைக் கச்சேரியே மூலம்; ஒலிப்பதிவு அதன் சுவடு. அன்றைய ஆலாபனை மறுநாள் அவ்வாறே அமையாது என்பதே அங்கு சென்று கேட்பதற்குப் போதிய நியாயமாகிவிடும். 'இண்டி பொப்' என வழங்கும் இசை இதனின்றும் வேறானது. பெரும் இசைத்தட்டு நிறுவனங்களைச் சாராது, சிறு வெளியீட்டாளர் வழியே தம் பாடல்களை வெளியிட்ட குழுக்களைச் சுட்டவே 'சுயாதீனம்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கமாகிய அப்பெயர் எழுந்தது. 1970களின் பிற்பகுதியிற் பிரித்தானியாவில் இப்போக்கு வலுப்பெற்றது. கிளாஸ்கோ நகரில் 1979 இல் தோன்றிய 'போஸ்ற்காட்' என்னும் சிறு நிறுவனம் அதன் தொடக்ககாலச் சின்னங்களுள் ஒன்று. காலப்போக்கில் அப்பெயர் வணிக நிலையைக் குறிப்பதிலிருந்து விரிந்து, மெல்லிய குரல், அந்தரங்கமான பாடற்பொருள், ஆரவாரமின்மை என்பன கொண்ட ஒரு பாணியையும் குறிக்கலாயிற்று. இவ்விசை பெரும்பாலும் தனியறையிற் பிறந்து தனியறையிற் கேட்கப்படுவது. ஆதலின் அதனை மேடையிற் காண விழையும் ஆவலில் ஒரு முரண் பொதிந்துள்ளது.

அம்முரணுக்கு 'பெல் அன்ட் செபாஸ்ரியன்' என்னும் கிளாஸ்கோ நகரக் குழு தக்கதோர் உதாரணமாகும். அதன் முதன்மைப் பாடகரும் பாடலாசிரியருமான ஸ்ருவேட் மேர்டொக், 1980களின் இறுதிப் பகுதியிலிருந்து ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் நீங்காத களைப்பை உண்டாக்கும் நோயொன்றினாற் பீடிக்கப்பட்டுத் தொழில் செய்ய இயலாதிருந்தவர். அத்தனிமையிலேயே அவர் பாடல் புனையத் தொடங்கினார். குழுவின் முதலாவது இசைத்தட்டாகிய 'ரைகர்மில்க்' 1996 இல், கிளாஸ்கோவிலுள்ள கல்லூரியொன்றின் இசைத்தொழிற் கற்கைநெறியின் ஓரங்கமாக 1000 பிரதிகள் மாத்திரமே வெளியிடப்பட்டது. அதே ஆண்டின் நவம்பரில் 'இஃப் யூ ஆர் ஃபீலிங் சினிஸ்ரர்' என்னும் இரண்டாவது இசைத்தட்டு வெளிவந்தது. பத்துப் பாடல்களைக் கொண்ட அவ்விசைத்தட்டே இக்குழுவினருக்கு நிலைத்த புகழை ஈட்டிக்கொடுத்தது. தொடக்க ஆண்டுகளில் அவர்கள் நேர்காணல்களைப் பெரிதுந் தவிர்த்தனர், மேடையேறியதும் குறைவே. ஆகவே சுவைஞர் பலருக்கு அக்குழு முகமற்ற குரலாகவே அறிமுகமாயிற்று. தனிமையுற்ற ஒருவர் எழுதியதைத் தனித்திருந்த மற்றொருவர் கேட்டு, 'இது எனக்காகவே எழுதப்பட்டது' என எண்ணியமை வியப்புக்குரியதன்று. இவ்வெண்ணமே பின்வரும் ஆய்வின் மையமாகும்.

நேரிற் காணும் விழைவுக்குப் பொதுவாகக் கூறப்படும் நியாயங்கள் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாக நோக்கலாம்.

முதலாவது, புரவலர் நியாயம். இசைத்தட்டு விற்பனை அருகி, இணையவழியே மிகச் சிறு கட்டணத்திற்குப் பாடல்கள் கேட்கப்படும் இக்காலத்தில், சிறு குழுக்களுக்கு மேடை வருவாய் இன்றியமையாதது. ஆதலால் நுழைவுச்சீட்டு வாங்குவது சுவைஞர் கடன் என்பர். இது நல்லதொரு கடனே. ஆனால் அது சீட்டு வாங்குவதற்கு நியாயமேயன்றி அரங்குக்குச் செல்வதற்கு நியாயமாகாது. கடமையொன்றே நோக்கமாயின், சீட்டை வாங்கி வீட்டிலிருந்துவிடலாம். அவ்வாறு வீட்டிலிருக்க நேர்ந்தவர் எதையோ இழந்ததாகவே வருந்துவார். அவர் இழந்தது பணத்தாற் கணிக்கப்படுவதன்று.

இரண்டாவது, மூலம் பற்றிய நியாயம். ஒலிப்பதிவு பிரதி; மேடையில் நிகழ்வதே மூலம்; எனவே மூலத்தை நாடிச் செல்வது இயல்பு என்பது இதன் சாரம். 1935 இல் வால்ற்றர் பெஞ்சமின் எழுதத் தொடங்கிய, இயந்திர மறுவுற்பத்தியின் யுகத்திற் கலைப்படைப்பின் நிலையை ஆராயும் புகழ்பெற்ற கட்டுரை இங்கு நினைவுக்கு வரும். ஒரு படைப்பு குறித்ததோர் இடத்திலும் காலத்திலும் தனித்து நிலைபெறுவதால் அதனைச் சூழும் ஒளிவட்டம், அது பிரதி பண்ணப்படும்போது மங்குகின்றது என அவர் கருதினார். அம்மங்கலை அவர் வெறும் இழப்பாகக் கொள்ளவில்லை. சடங்கின் பிடியிலிருந்து கலை விடுபடும் வாய்ப்பாகவும் கண்டார். எவ்வாறாயினும், இந்நியாயம் பொப் இசைக்கு முழுமையாகப் பொருந்துமோ என்பது ஐயத்துக்குரியது. றொக் இசையில் ஒலிப்பதிவே முதன்மையான கலைப்படைப்பு எனத் தியடோர் கிரேசிக் 1996 இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். கலையகத்தில் ஒலிகளை அடுக்கியும் நீக்கியும் உருவாக்கப்பட்ட பாடலுக்கு, அதற்கு முந்திய மேடை மூலம் ஒன்றில்லை. இக்கூற்று ஏற்கப்படின் மேடையே பிரதியாகிவிடும்; அதுவும் பலவேளைகளிற் குறையுடைய பிரதி.

கலைஞரிற் சிலர் இம்முடிவைத் தம் வாழ்விலேயே நடைமுறைப்படுத்தினர். கனடா நாட்டுப் பியானோக் கலைஞர் கிளென் கூல்ட் 1964 இல், தமது 31 ஆவது வயதில், மேடையை முற்றாகத் துறந்து கலையகத்தையே தம் களமாக்கிக்கொண்டார். பீற்றில்ஸ் குழுவினர் 1966 ஓகஸ்ற் 29 இல் சான் பிரான்சிஸ்கோவில் நடத்திய நிகழ்ச்சியே அவர்தம் இறுதிக் கட்டண நிகழ்ச்சியாயிற்று. அடுத்த ஆண்டுகளில் அவர்கள் கலையகத்தில் ஆக்கியவை மேடையின் எல்லைக்குள் அடங்காதவை. இவர்களை எவரும் இசைக்குத் துரோகமிழைத்தவர்களாகக் கொள்வதில்லை. எனவே மூலத்தைத் தேடியே சுவைஞர் அரங்குக்குச் செல்கின்றார் என்பது நிறைவான விடையாகாது.

மூன்றாவது, காட்சி பற்றிய நியாயம். சைவ சித்தாந்திகள் அறிவுக்குரிய அளவைகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றாகக் கொள்வர். ஒலிப்பதிவில் வரும் குரலைக் கொண்டு பாடுபவர் ஒருவர் உளரெனச் சுவைஞர் கருதி அறிகின்றார். பத்திரிகைகள் கூறுவதை உரையால் அறிகின்றார். அரங்கிலேயே காண்டலால் அறிகின்றார். இவ்விளக்கம் முன்னையவற்றிலும் வலியது. ஆயினும் காண்டலுக்குள்ளும் ஐயக்காட்சி, திரிவுக்காட்சி என்பன உண்டென அம்மரபே எச்சரிக்கின்றது. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் காணப்பட்டதாகாது.

இவ்வெச்சரிக்கையின் பொருத்தத்தை அண்மைக்கால நிகழ்வொன்று தெளிவுபடுத்தும். சுவீடன் நாட்டின் 'அபா' குழுவினர் நால்வரையும் அவர்தம் 1979 ஆம் ஆண்டுத் தோற்றத்திற் கணினியால் உருவாக்கிக் காட்டும் நிகழ்ச்சி 2022 மே மாதத்தில், இலண்டனில் அதற்கெனவே கட்டப்பட்ட அரங்கில் ஆரம்பமாயிற்று. மேடையில் வாத்தியக் கலைஞர் பதின்மர் நேரடியாகவே இசைத்தனர். பாடுவோர் மாத்திரம் ஒளியுருக்கள். அங்கு சென்றோர் ஆடினர், அழுதனர், மகிழ்ந்து திரும்பினர். அம்மகிழ்ச்சி பொய்யென்று சொல்வதற்கில்லை. கண்ணுக்கும் செவிக்கும் வேண்டியன யாவும் அங்கிருந்தன. எனினும் ஒன்று இருக்கவில்லை. அவ்வுருக்கள் பாடலின் அடியை மறக்கமாட்டா, களைப்படையமாட்டா, அரங்கில் எவரும் இல்லாதபோதும் அவ்வாறே ஆடி முடிக்கும். சுவைஞர் அவற்றைக் கண்டனர். அவை சுவைஞரைக் காணவில்லை.

இவ்வேறுபாட்டினின்றே விடைக்குரிய வழி பிறக்கின்றது. 'நேரடி' என்னும் கருத்தே ஒலிப்பதிவு தோன்றிய பின்னர் எழுந்தது எனப் பிலிப் ஓஸ்லாண்டர் 1999 இல் சுட்டிக்காட்டினார். பதிவு என ஒன்று இல்லாத காலத்தில் எல்லா இசையும் நேரடியே. ஆதலின் அதனை அவ்வாறு பெயரிட்டழைக்கத் தேவையிருக்கவில்லை. இது சரியாயின், பதிவில் இல்லாத யாதோ ஒன்றையே அச்சொல் குறிக்க வேண்டும். அது ஒலியின் தூய்மையன்று, உருவத்தின் தெளிவுமன்று. அது தவறும் வாய்ப்பு. மேடையில் நிற்பவர் தவறக்கூடும். தவறுவதைப் பிறர் காணக்கூடும். அவ்வாறு காணப்படுவதை அவரும் அறிவார். இவ்வபாயத்தை அவர் மனமுவந்து ஏற்று நிற்பதே நேரடி இசையின் உயிர். ஆகவே அரங்குக்குச் செல்பவர் பாடலை மீண்டும் பெறுவதற்கன்று, பாடலுக்குப் பின்னால் தவறக்கூடிய மனிதர் ஒருவர் உளர் என்பதை ஏற்றுக்கொள்வதற்கே செல்கின்றார் எனலாம்.

ஏற்றுக்கொள்ளுதல் என்பது எளிதன்று. இங்குதான் வினா அழகியலிலிருந்து அறவியலுக்கு நகர்கின்றது.

தனியறையிற் கேட்பவர் அப்பாடலுக்கு ஒருவகையில் அதிபதியாவார். அவர் தொடக்கும்போது அது தொடங்கும், நிறுத்தும்போது நிற்கும். பாடகர் அவருடைய துயருக்குப் பொருத்தமான வேளையில் பாடுவார். வேண்டாத வேளையில் மௌனியாவார். இவ்வாறு ஆண்டுக்கணக்கிற் பழகியவர் பாடலின்மீது கொண்ட பற்று, அவரறியாமலே உடைமையுணர்வாக மாறிவிடுகின்றது. அரங்கில் அவ்வுணர்வு இருமுனைகளிலும் தாக்கப்படுகின்றது.

முதலாவது தாக்குதல் அருகில் நிற்பவரிடமிருந்து வருகின்றது. தமக்கு மாத்திரம் உரியதென எண்ணியிருந்த அடியை ஆயிரக்கணக்கானோர் ஒருங்கே பாடுவதை அவர் கேட்கின்றார். அவர்கள் ஒவ்வொருவரும் அது தமக்காகவே எழுதப்பட்டதென எண்ணியவர்கள். 'இவர்களுக்கு இப்பாடலைப் பற்றி என்ன தெரியும்?' என்னும் சிறு பொறாமை அக்கணத்தில் எழுதல் இயல்பு. அதனை நேர்மையாக ஆராய்பவர் இரண்டில் ஒன்றைத் தெரிந்தாக வேண்டும். ஒன்றில், பிறரெல்லாம் போலிச் சுவைஞர், தாமொருவரே உண்மையானவர். அன்றேல், தமது தனிமையைப் போன்ற தனிமைகள் பல உண்டு; அத்தனிமை தமக்கே உரிய சிறப்பன்று. முன்னையது தன்முனைப்பு. பின்னையதோ, தம்மைப் போலவே பிறரும் அகவாழ்வு உடையோர் என்னும் அறிவு; எல்லா அறங்களுக்கும் அடிப்படையாயது. நூல்களிற் கற்கும் இவ்வுண்மையைத் தோளோடு தோள் உரசும் ஓரிடத்தில் உணர நேர்வது சிறிய பேறன்று.

இரண்டாவது தாக்குதல் மேடையிலிருந்து வருகின்றது. மேலே குறிப்பிட்ட கிளாஸ்கோ குழுவினரின் வரலாறு இதனை நன்கு விளக்கும். சுவைஞர் போற்றிய 'சினிஸ்ரர்' இசைத்தட்டின் பாடல்களில் மேர்டொக்குக்கு நம்பிக்கை இருந்தது. அவை பதிவுசெய்யப்பட்ட முறையிலோ நிறைவிருக்கவில்லை. 2005 செப்ரெம்பர் 25 இல், இலண்டன் பார்பிக்கன் மண்டபத்தில், அவ்விசைத்தட்டின் பத்துப் பாடல்களையும் அதே ஒழுங்கில் அக்குழுவினர் மேடையில் இசைத்தனர். குழுக்கள் தம் பழைய இசைத்தட்டொன்றை முழுமையாக மேடையேற்றும் தொடரொன்றின் அங்கமாக அது அமைந்தது. அந்நிகழ்ச்சி பதிவாகி அவ்வாண்டு டிசெம்பரில் இணையவழியே வெளியிடப்பட்டது. அதன் வருவாய், அவ்வாண்டு ஒக்ரோபரில் காஷ்மீர்ப் பகுதியில் நேர்ந்த நிலநடுக்கத்தின் நிவாரண நிதிக்கு வழங்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியை ஆராயின் ஒரு சிக்கல் புலப்படும். அரங்கிலிருந்தோர், அடுத்துவரும் பாடல் யாதென முன்னரே அறிந்தவர்கள். அவர்கள் வந்தது தாம் ஒன்பது ஆண்டுகளாக நேசித்த ஒலியை மீண்டும் அடைவதற்காக. மேடையிலிருந்தோர் வந்ததோ, அவ்வொலியிற் கண்ட குறையைத் திருத்துவதற்காகவுமாகும். சுவைஞர் எதைக் காதலித்தனரோ அதனையே ஆக்கியோர் குறையென எண்ணினர். மேலும், அங்கு நின்ற குழு 1996 இல் இருந்த அதே குழுவுமன்று. ஸ்ருவேட் டேவிட் 2000 இலும் இசபெல் கம்பெல் 2002 இலும் விலகிச் சென்றுவிட்டனர். இந்நிலையிற் பாடல் யாருடையது? மெலிந்து மங்கிய அப்பழைய ஒலியையே தம் இளமையோடு பிணைத்துக்கொண்ட சுவைஞருடையதா? அதைவிட நன்றாக அமைந்திருக்க வேண்டும் எனக் கருதிய ஆசிரியருடையதா?

ஆசிரியருடையதே என எளிதிற் கூறிவிடலாம். ஆனால் சுவைஞரின் பக்கத்திலும் நியாயமுண்டு. அவர் அப்பாடலுக்குத் தம் வாழ்வின் ஒரு பகுதியைக் கொடுத்திருக்கின்றார். ஆக்கியோன் குறையெனக் கண்டதிலும் அவர் அழகு கண்டது உண்மையே. அவ்வழகு அவருடைய கற்பனையன்று. எனவே அவர் அதனை நேசிப்பதற்கு உரிமையுடையவர். ஆனால் அதனை அவ்வாறே மீண்டும் தருமாறு கேட்பதற்கு அவருக்கு உரிமையில்லை. நேசிக்கும் உரிமையும் கேட்டுப்பெறும் உரிமையும் வேறுவேறானவை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே சுவைஞர் இழைக்கும் தவறு.

இத்தவறு எத்துணைக் கொடிதாகக்கூடும் என்பதற்கு, இண்டி இசை தோன்றுமுன் நிகழ்ந்ததாயினும், 1966 மே 17 ஆம் நாள் நிகழ்ச்சி சான்றாகும். பொப் டிலன் அன்று மஞ்செஸ்ரர் நகரில் மின்கிற்றாரோடு பாடியபோது, அவரது பழைய நாட்டார் பாணியில் ஊறியிருந்த கூட்டத்திலிருந்து ஒருவர் 'யூதாஸ்' எனக் கூவினார். காட்டிக்கொடுத்தவன் என்பது பொருள். கூவியவர் இசையை வெறுத்தவரல்லர், மிகையாக நேசித்தவர். தாம் நேசித்தமையால் அக்கலைஞர் மாறாதிருக்கக் கடமைப்பட்டவர் என எண்ணியதே அவர் பிழை. அந்நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு பல்லாண்டுகள் இலண்டன் றோயல் அல்பேட் மண்டபத்தில் நிகழ்ந்ததெனத் தவறாக வழங்கிவந்தமையும் சிந்திக்கற்பாலது. பதிவு தான் பிறந்த இடத்தையே மறந்துவிடும். அரங்கில் நின்றவருக்கோ இடமும் நாளும் அருகிலிருந்த முகமும் மறவா.

இக்காலத்துச் சுவைஞருக்கு இச்சோதனை வேறோர் உருவில் வருகின்றது. விருப்பமான பாடல் தொடங்கியதும் நூற்றுக்கணக்கான கைத்தொலைபேசிகள் உயர்கின்றன. நினைவுக்காக ஒரு கணத்தைப் பதிவது குற்றமன்று. ஆனால் பாடல் முழுவதையும் திரைவழியே நோக்குபவர், எதை வீட்டில் விட்டு வந்தாரோ அதனையே அரங்கினுள்ளும் உண்டாக்குகின்றார். தவறக்கூடிய மனிதரைத் தாம் நினைத்தபோது நிறுத்தவும் தொடக்கவும் கூடிய பொருளாக அவர் மீண்டும் மாற்றிவிடுகின்றார். அரங்கு பறித்த அதிபதிப் பதவியை அவர் கையளவுத் திரையில் மீட்டுக்கொள்கின்றார் எனலாம்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். அவ்வாறாயின் அரங்குக்குச் செல்ல இயலாதோர், நோயாளர், வறியோர், தொலைநாட்டார் ஆகியோர் இவ்வறத்தை எய்தமுடியாதவர்களா? இக்குழுக்களுட் பெரும்பாலானவை ஒருபோதும் வராத நாடுகளில் வாழும் சுவைஞர் குறையுடையோரா? அன்று. மேர்டொக் தாமே ஏழாண்டுகள் நோயுற்று ஒதுங்கியிருந்தவர். அவ்வொதுக்கத்திற் கேட்டவையும் எண்ணியவையுமே அவரைப் பாடலாசிரியராக்கின. பிறரைத் தம்மைப் போன்றவராக ஏற்பதற்கு நுழைவுச்சீட்டு நிபந்தனையன்று. வீட்டிலிருந்து கேட்பவரும், இக்குரலுக்குரியவர் தமக்கு அப்பால் ஒரு வாழ்வு உடையவர், களைப்படைபவர், மாறுபவர் என்பதை உணர்ந்து கேட்கலாம். அரங்கு அவ்வுணர்வுக்கு ஒரே வாயிலன்று. ஆயின் அதனைத் தவிர்க்கமுடியாதவாறு முன்னிறுத்தும் வாயில் அது. வீட்டில் இதை மறந்திருத்தல் எளிது. அரங்கில் மறக்க முயல வேண்டியிருக்கும்.

அடியார்கள் பதிகங்களை மனப்பாடமாக அறிந்திருந்தும் தலங்களுக்கு யாத்திரை செய்தனர். பதிகம் போதாதென்பதற்காக அவர்கள் செல்லவில்லை. பாடப்பட்ட பொருள் தம் பாட்டினுள் அடங்கிவிடாதது என்பதை உணர்ந்தமையாற் சென்றனர். பாடகர் தெய்வமல்லர், அவரைத் தெய்வமாக்குவதும் அவரை மனிதராகக் காண மறுப்பதன் இன்னொரு வடிவமே. எனினும் இவ்விரு பயணங்களுக்கும் பொதுவானதொன்றுண்டு. நேசிக்கப்படுவது நேசிப்பவருக்கு வெளியே, அவர் வசப்படாது நிற்கின்றது என்னும் ஒப்புதலே அது.

ஆகவே, கேட்டதைக் காணச் செல்பவர் பெறுவது யாது என்னும் தொடக்க வினாவுக்கு விடை, சற்று எதிர்மறையாகவே அமைகின்றது. அவர் ஒன்றைப் பெறுவதிலும் ஒன்றை விட்டுக்கொடுக்கவே செல்கின்றார். பாடல் தமக்கு மாத்திரம் உரியதென்னும் எண்ணத்தை அருகில் நிற்பவரிடமும், அது என்றும் மாறாதிருக்கவேண்டும் என்னும் கோரிக்கையை மேடையில் நிற்பவரிடமும் அவர் கையளிக்கின்றார். அவ்வாறு கையளிக்க மனமில்லாதவர் ஏமாற்றத்தோடு திரும்புவார். பாடல் இசைத்தட்டில் இருந்தவாறு அமையவில்லை எனக் குறைகூறுவார். கையளித்தவரோ வீடு திரும்பி அதே இசைத்தட்டை மீண்டும் சுழலவிடும்போது, அப்பழைய குரலில் முன்னர் கேளாத ஒன்றைக் கேட்பார்: அது தம்மை நோக்கி மாத்திரம் பாடவில்லை என்பதை.